மணலுக்கடியில் பிறக்கும் நண்டுதின்னி

கார்த்திகை, மார்கழியில் தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள், நீர் வற்றிய மணல்திட்டில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கூட்டம் நிற்பதைக் கண்டால், கடற்காக்கை என்று நினைத்துக் கடந்துவிட வேண்டாம். அலகைப் பாருங்கள். கோணமூக்கு உள்ளானுக்கு அலகு மெலிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். நெடுங்கால் உள்ளானுக்குக் கால்கள் இளஞ்சிவப்பு. அலகு கறுத்துத் தடித்து, கொறடு மாதிரி நேராக இருந்து, நீண்ட கால்கள் நீலச் சாம்பலாகவும் இருந்தால் அது நண்டுதின்னி. நீளம் சுமார் 40 செ.மீ.

நாலடி ஓடும், சட்டென நிற்கும், குத்தும். சிறு நண்டு அப்படியே தொண்டைக்குள் போய்விடும். பெரிய நண்டென்றால் கால்களைப் பிய்த்து, உடைத்துத் தின்னும். நம் வீட்டில் நண்டுக் குழம்புக்கு நடக்கும் பாடுதான்! அந்தி வேளையிலும் இரவிலும் கூட இரை தேடும். பெரிய கண்கள் அதற்குத்தான்.

ஆனால் இந்தப் பறவையின் உண்மையான விசித்திரத்தை இங்கே பார்க்க முடியாது. அது பாரசீக வளைகுடா, செங்கடல், சோமாலியக் கரைகளில் நடக்கிறது. உப்புக்கொத்திகளும் ஆள்காட்டிகளும் திறந்த தரையில் புள்ளி போட்ட முட்டைகளை இடும். குஞ்சு பொரிந்த கொஞ்ச நேரத்தில் ஓடத் தொடங்கும். நண்டுதின்னியோ கூட்டமாகச் சேர்ந்து மணலில் வளை தோண்டுகிறது. கரைப்பறவைகளில் வேறெதற்கும் இந்தப் பழக்கம் இல்லை. வளையின் கோடியில் ஒரே ஒரு வெள்ளை முட்டை. இருட்டில் புள்ளி எதற்கு, யாரிடமிருந்து ஒளிய?

மேலே பாலைவன வெயில் கொளுத்தும். உள்ளறையில் அடைகாக்கப் போதுமான இதமான சூடு மாறாமல் நிற்கும். அதனால் தாய் தந்தை முட்டையை விட்டுவிட்டு நெடுநேரம் இரைக்குப் போகலாம். பாதி அடைகாப்பைச் சூரியனே பார்த்துக்கொள்கிறது என்றால் மிகையில்லை.

உறவுமுறையிலும் இது தனியாள். நண்டுதின்னிக் குடும்பத்தில் உலகத்திலேயே இந்த ஒரு இனம்தான்.

ஒற்றைக் குஞ்சு வளைக்குள்ளேயே இருந்து வளர்கிறது. பெற்றோர் நண்டு கொண்டுவந்து ஊட்டுகின்றன. இறக்கை முளைத்துக் கடல் தாண்டி வலசை வந்த பிறகும் செல்லம் குறைவதில்லை. கூட்டத்தில் முதுகு சாம்பல் பூத்த ஒன்று, தன் உயரமே உள்ள இன்னொன்றின் பின்னால் கூனிக்குறுகிச் சீட்டியடித்தபடி நடக்கும். முன்னால் போவது கொஞ்ச தூரம் கேளாததுபோல் போகும், பிறகு நின்று ஒரு நண்டைக் கொடுத்துவிடும்.