சதுரமும் வீதியும்

“எங்கள் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை” என்று வருந்தும் பெற்றோரை நாம் எங்கும் காண்கிறோம். வராதது கணக்கா, கணக்கைச் சொல்லும் மொழியா என்று ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூரில், நமக்கு வேண்டிய குடும்பத்தாரோடு ஒரு மாலைப்பொழுது தங்கியபோது இவ்வேறுபாடு நமக்கு நன்கு விளங்கிற்று.

களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நாமோ பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர்கள்; அவ்வூர்த் தமிழரோ இருந்த இடத்திலேயே இருக்க, மாநில எல்லை அவர்களருகே வந்து அமைந்தது. ஆயினும் பிள்ளைகளின் பாடத்தைப் பொறுத்தமட்டில் இரு சாராரின் நிலையும் ஒன்றே. கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுத வழியுண்டு. ஆனால் அருகில் தமிழ்வழிப் பள்ளி இல்லாத பிள்ளை மலையாளத்தில்தானே பயிலவேண்டும்?

அவ்வீட்டுச் சிறுமி பத்தாம் வகுப்பு மாணவி. தன் வீட்டுப்பாடத்திலிருந்த ஒரு கணக்கைத் தந்தைக்குப் படித்துக் காட்டினாள். ஒரு சதுரத்தின் நீளம் வீதியைவிட 4 மீட்டர் கூடுதல்; பரப்பளவு 96 சதுர மீட்டர்; நீளமும் வீதியும் யாவை என்பது கேள்வி.

எல்லைக்கு அப்பால் தமிழில் பயின்ற தந்தை திகைத்தார். “மக்களே, சதுரத்துக்கு நாலு பக்கமும் ஒன்றுதானே? கூடுதல் எப்படி வரும்? இதில் வீதி எங்கே வந்தது? புத்தகம் பிழை” என்றார். புத்தகம் பிழையாக இராது என்று சிறுமி அறிவாள். ஆதலின் தன் அறிவே பிழை என்றெண்ணிக் கண் கலங்கினாள்.

அவ்வேளை வந்தவர் அண்டை வீட்டு மலையாளப் பெண்மணி. கணக்கைக் கேட்டதும் நகைத்தார். மலையாளப் பாடத்தில் சதுரம் என்பது நம் செவ்வகம். நம் சதுரத்தை அவர்கள் சமசதுரம் என்பர். வீதி என்பது தெருவன்று, அகலம்! தந்தையும் நகைத்தார். பாதிக் கணக்கு அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு அப்பெண்மணி விடை கூறவில்லை. ஒரு காகிதத்தையும் கத்தரிக்கோலையும் கேட்டார். “நீளத்தில் கூடுதலாக உள்ள 4 மீட்டரில் பாதியை, அதாவது 2 மீட்டர் அகலத் துண்டை, வெட்டி எடு. அதைப் பக்கவாட்டில் ஒட்டு” என்றார். சிறுமி ஒட்டினாள். உருவம் ஏறத்தாழத் தமிழ்ச் சதுரமாகவே ஆயிற்று. ஒரு மூலை மட்டும் குறைந்தது. “அம்மூலை எவ்வளவு?” “2க்கு 2, நான்கு.” “சேர்த்தால்?” “96உம் 4உம் 100!” அதற்குமேல் ஒருவரும் பேசவேண்டியிருக்கவில்லை. நூறு சதுர மீட்டர்ச் சதுரத்தின் பக்கம் 10. வெட்டிய 2ஐக் கூட்டினால் நீளம் 12, கழித்தால் அகலம் 8. பன்னிரண்டை எட்டால் பெருக்கி 96 வருவதைத் தானே சரிபார்த்து முகம் மலர்ந்தாள்.

தந்தையிடமும் கொடுக்க ஒன்றிருந்தது. “நம் நிலத்தில் இது எத்தனை சென்ட்?” என்று வினவினார். ஒரு சென்ட் ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர். மகள் வகுத்துப் பார்த்து, சுமார் 2.37 சென்ட் என்றாள். ஏட்டிலிருந்த செவ்வகம் அவள் கண்முன் ஒரு மனையாக விரிந்தது.

பிறரிடம் கேட்பது சிறுமையாகுமா? கணித மேதை இராமானுஜன் கும்பகோணத்தில் சிறுவராயிருந்தபோது, தம் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களை வினாக்களால் துளைத்தெடுத்துக் கற்றார். 1913இல் தம் முடிவுகளை எழுதி ஆங்கில அறிஞர் ஹார்டிக்கு அனுப்பியவரும் அவரே. அத்தகைய அறிவுக்கே துணை வேண்டியிருந்தது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை கணக்கில் தயங்கினால் சினவாதீர்கள். முதலில் அக்கணக்கைத் தன் சொந்தச் சொற்களில் கூறச் செய்யுங்கள். சொல் விளங்கவில்லையெனில் அண்டை வீட்டாரைக் கேட்க நாணவேண்டாம். வழி காட்டுங்கள், விடையைப் பிள்ளையே காணட்டும்.

அன்றிரவு தந்தையும் மகளும் ஒரு நோட்டில் இரு பத்திகள் இட்டு எழுதத் தொடங்கினர்: சதுரம், செவ்வகம், வீதி, அகலம், பலிச, வட்டி, வியாசம், விட்டம். “வியாசம் என்றால் கட்டுரையல்லவா?” என்று தந்தை வியந்தார். “இல்லை அப்பா, வட்டத்தின் நடுவே செல்லும் கோடு” என்றாள் மகள். அவள் குரலில் மாலையிலிருந்த கலக்கம் இல்லை. அத்தகைய நோட்டு ஒன்று நம் ஒவ்வோர் இல்லத்திலும் இருக்கட்டும்.