ஒரு விரல், இரண்டு மோதிரம்

2011 ஏப்ரல் 29 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இளவரசர் வில்லியம், கேட் மிடில்டனின் இடது கை மோதிர விரலில் மோதிரம் மாட்டியபோது, அது விரல் முட்டியைத் தாண்டாமல் மக்கர் செய்தது. டி.வி.யில் உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அழுத்தித் தள்ளித்தான் உள்ளே போயிற்று. அந்தத் தள்ளலைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். எனக்குப் பேசத் தோன்றுவது மோதிரத்தைப் பற்றி. கல் கிடையாது, வேலைப்பாடு கிடையாது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தங்கத்தில் வார்ட்ஸ்கி என்ற லண்டன் நகைக்கடை செய்த மெல்லிய மஞ்சள் வளையம், அவ்வளவுதான். அரச குடும்பத்துத் திருமண மோதிரங்களுக்கு வேல்ஸ் தங்கம் என்பது 1923 முதல் இருந்துவரும் வழக்கம்.

நிச்சயத்துக்கு அவருக்குப் போட்ட மோதிரமோ நேர் எதிர். 1981-இல் வில்லியமின் அம்மா டயானா விரலில் ஏறியது அது. நடுவே 12 காரட் இலங்கை நீலக்கல், சுற்றிலும் 14 வைரம், எல்லாம் வெள்ளைத் தங்கத்தில் கட்டியது. அதற்குத் துணையாக இன்னொரு வைர வரிசை செய்ய அரண்மனையில் காசா இல்லை? செய்யாமல் விட்டதுதான் ரசனை. பெரிய கல் ஒன்று விரலில் உட்கார்ந்துவிட்ட பிறகு, பக்கத்தில் வருவது அடக்கமாக இருந்தாலே போதும். வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் சேருமா என்று தயங்குகிறவர்கள் கேட்டின் கைப் படம் ஒன்றைப் பார்க்கலாம். உறுத்தவே இல்லை.

ஒரே விரலில் இரண்டு மோதிரம் சேருமா என்ற கேள்வி நம் ஊரில் எல்லா வீட்டிலும் எழுவதில்லை. இந்துத் திருமணங்களில் தாலிக்குத்தான் முதலிடம். மோதிரம் என்றால் பானைத் தண்ணீருக்குள் போட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டி போட்டுத் தேடுவது. இப்போது நிச்சயத்தில் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள் என்றாலும் பெரும்பாலும் அந்த ஒன்றோடு சரி. கிறிஸ்தவ வீடுகளில்தான் நிச்சயத்துக்கு ஒன்று, கோயிலில் தாலியோடு சேர்த்து மந்திரித்துப் போடுவது ஒன்று என இரண்டு சேர்கிறது. லண்டன், டொராண்டோ என்று குடியேறிய குடும்பங்களிலும் அப்படித்தான் ஆகிவருகிறது.

இரண்டாவதை வாங்கப் போகும் இடத்தில் நடப்பது பெரும்பாலும் ஒரே உரையாடல். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் போட்டது 18 காரட்டில் கட்டிய வைர மோதிரமாக இருக்கும். கடைப் பையன் அதே 18-இல் நாலைந்து எடுத்துப் போடுவான். பெண்ணின் அம்மா குறுக்கிடுவார்: “பதினெட்டெல்லாம் வேண்டாம் தம்பி. 22-லயே காட்டுங்க. நாளைக்கு ஓர் அவசரம்னா அடகு வைக்கவாவது ஆகணும்ல.”

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம்; 18-இல் 75 தான். ஆனால் மீதி 25 சதவீதமாகச் சேர்க்கும் செம்பும் வெள்ளியும்தான் மோதிரத்துக்கு வலு. கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் வளையாமல் நிற்க வேண்டும் என்பதால்தான் வைரத்தைப் பெரும்பாலும் 18-இல் கட்டுகிறார்கள். இரண்டு மோதிரமும் ஒரே விரலில் இரவும் பகலும் உரசும்போது மெத்தென்று இருப்பதுதான் தேயும். 22 காரட் வளையத்தின் ஓரம் வருடங்கள் போகப் போக மழுங்கும். மேலே போட்ட கட்டிங் டிசைன் அழியும். கையில் போட்டுக்கொள்ளவா, பெட்டியில் வைக்கவா என்று முடிவு செய்துவிட்டு காரட்டைப் பேசலாம். போட்டுக்கொள்ளத்தான் என்றால் முதல் மோதிரம் எந்தக் காரட்டோ இரண்டாவதும் அதுவே ஆகட்டும். சேமிப்புக்கு நாணயம் இருக்கிறது, வளையல் இருக்கிறது.

உலோகம் உலோகத்தோடு உரசுவதாவது மெதுவாக நடக்கும். கல் உரசினால் கதை வேறு. பழுதுக்கு வந்த மோதிரத்தைப் பத்தர் கையில் வாங்கியதும் முதலில் பக்கவாட்டைத்தான் திருப்பிப் பார்ப்பார். ஓரம் வரை பொடி வைரம் பதித்த மோதிரத்துக்கு அண்டையில் இருந்ததென்றால், அரம் வைத்து இழுத்தது போல ஒரு பள்ளம் ஓடியிருக்கும். வைரத்தின் கடினம் மோஸ் அளவில் 10, அதற்கு மேல் இல்லை. தங்கமோ பிளாட்டினமோ அதன் விளிம்புக்கு ஈடு கொடுக்காது. இரண்டிலும் வைரம் இருந்து, ஓரத்தோடு ஓரம் இடித்துக்கொண்டால் கல்லே சில்லு தெறிக்கலாம். ஜோடி மோதிரம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொலிக்கிறதே, அதில் கற்கள் எங்கே முடிகின்றன, ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் தங்கத்துக்கு இன்னொரு செலவும் உண்டு. மேலே பூசிய ரோடியம் உரசும் இடத்தில் முதலில் போய், உள்ளே இருக்கும் மங்கல் மஞ்சள் தெரியும். திரும்பத் திரும்பப் பூசத்தான் வேண்டும்.

அடுத்தது உயரம். முதல் மோதிரத்தை மேஜையில் நிறுத்தி, கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பாருங்கள். கல் கட்டிய கூடு வளையத்துக்கு மேலே எழும்பி நிற்கிறதா, அல்லது பக்கங்களில் புடைத்துக் கீழே இறங்கியிருக்கிறதா? 1886-இல் டிஃபனி நிறுவனம் ஆறு கொக்கியில் ஒற்றை வைரத்தை உயரத் தூக்கிக் கட்டிய அமைப்பைக் கொண்டுவந்தது. ஒளி எல்லாப் பக்கமும் புக வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த உயரத்தால் நேர் வளையம் ஒன்று இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்காரவும் இடம் கிடைக்கிறது. கூடு தாழ்ந்திருந்தால் நடுவில் சந்து விழும். அதை மறைக்க நடுவே வளைந்த மோதிரம் செய்து தருகிறார்கள். பார்க்கக் கச்சிதம். ஆனால் தனியாகப் போட்டால் அந்த வளைவு காரணமில்லாத கோணலாகத் தெரியும். விரலில் சற்றுச் சுற்றிக்கொண்டாலும் பொருந்தாது. என்னைக் கேட்டால், நேர் வளையத்தை எடுத்துவிட்டு அந்த நூலளவு சந்தைச் சகித்துக்கொள்வேன்.

உரசலும் வேண்டாம், சுற்றலும் வேண்டாம் என்றால் இரண்டையும் அடிப்பக்கத்தில் பொடி வைத்து ஊதி ஒட்டிவிடலாம். பத்தருக்குச் சின்ன வேலை, ஆனால் கல்லுக்கு அனல் படாமல் செய்யத் தெரிந்த கை வேண்டும். ஒட்டிய பிறகு ஒன்றை மட்டும் போட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

அளவு பார்ப்பதில்தான் அவசரம் கூடாது. ஏ.சி. குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் உப்பும். ஒன்றுக்குச் சரியாக இருந்த அளவு இரண்டு சேர்ந்து விரலை மூடும்போது இறுக்கும். அதனால் நிச்சய மோதிரத்தைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போய், இரண்டையும் சேர்த்து மாட்டி, கையை நாலைந்து முறை மடக்கிப் பார்ப்பது நல்லது. சுற்றிலும் முழு வட்டமாகக் கல் பதித்ததைப் பின்னால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ ஏறக்குறைய முடியாது. கர்ப்ப காலத்தில் விரல் வீங்கினால் அது பெட்டிக்குத்தான் போகும். மேல் பாதிக்கு மட்டும் கல் வைத்தால் கீழே வெட்டி ஒட்ட இடம் இருக்கும். பெயரும் தேதியும் பொறிப்பது அளவு முடிவான பிறகு போதும். பில் போடுமுன் உள்பக்கத்தில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா என்று லென்ஸ் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

எப்படிப் பார்த்தும் இரண்டும் சேரவில்லையா? சேர்த்துத்தான் போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஜெர்மனியில் நிச்சய மோதிரம் இடது கையிலும் கல்யாண மோதிரம் வலது கையிலும் போடுவதே வழக்கம். இங்கும் கோயிலுக்குக் கிளம்பும்போது கிறிஸ்தவ மணப்பெண் நிச்சய மோதிரத்தை வலது கைக்கு மாற்றிக்கொள்வாள், இடது விரல் காலியாக இருக்க வேண்டுமே என்று. பூசை முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிடலாம். வலது கையால் எல்லா வேலையும் செய்கிறவர்கள் மாவு பிசையும்போது மட்டும் அந்த உயரக் கல்லைக் கழற்றி வைக்கப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.