குதிரைக்குப் பார்த்த வைத்தியம் மனிதனுக்கு வரும் வழி

பந்தயக் குதிரை முழு வேகத்தில் பாயும்போது அதன் முன்னங்காலின் பின்புறத் தசைநாண், அறுந்துபோகும் எல்லையைத் தொட்டும் தொடாமலும் இழுபடுகிறது. ஓட்டத்தில் அந்த நாணின் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே இழைகள் கிழிந்தால் உடம்பு தழும்புத் திசுவைக் கொண்டு மூடிவிடும். ஆனால் தழும்புக்குப் பழைய மீள்தன்மை இருக்காது. ஓடத் திரும்பிய குதிரை அதே காலில் மறுபடி அடிபடுவதற்கு இதுதான் காரணம்.

நம் குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணும் இதே வேலையைச் செய்கிறது. இதே விதமாகத் தேய்கிறது. ஆய்வுக்கூட எலியின் நாணைக் கீறி உண்டாக்கும் காயத்தைவிட, ஓடி ஓடி நைந்த குதிரையின் கால் நமக்கு நிறையச் சொல்லும். நோய் தானாக வந்த விலங்குக்குச் செய்யும் சிகிச்சையிலிருந்து மனித மருத்துவம் கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளம். அதைப் பொறுமையாகக் கற்பதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு.

மார்பெலும்பிலிருந்து காலுக்கு

லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியின் ரோஜர் ஸ்மித் குழு, இந்தத் தசைநாண் காயத்துக்கு ஸ்டெம் செல்களைக் (பல வகைத் திசுவாக மாறக்கூடிய மூலச் செல்களைக்) கொண்டு சிகிச்சை தரும் முறையை 2003-இல் வெளியிட்டது. குதிரையை மயக்க மருந்தால் சற்றுத் தளரவைத்து, அதன் மார்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சுகிறார்கள். அதிலுள்ள ஸ்டெம் செல்களை ஆய்வுக்கூடத்தில் சில வாரம் வளர்த்துப் பெருக்குகிறார்கள். அல்ட்ராசவுண்ட் திரையில் நாணுக்குள் கருப்பாகத் தெரியும் ஓட்டைதான் காயம். அதைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தி, செல்களை அங்கே இறக்குகிறார்கள். ஊசி போட்டதும் குதிரை ஓடப் போய்விடாது. முதலில் மெதுநடை, பிறகு சிறு ஓட்டம் என்று 48 வாரப் பயிற்சி தொடர்கிறது.

இதே குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்த 113 குதிரைகளில் 27.4 சதவீதத்துக்கு மட்டுமே காயம் திரும்ப வந்திருந்தது. மற்ற சிகிச்சைகளில் முன்பு பதிவான அளவைவிட இது குறைவு. ஆனால் ஊசி போடாத குதிரைகளை அதே ஆய்வில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. அந்தக் குறையை அவர்களே உணர்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு 12 குதிரைகளை வைத்து, பாதிக்குச் செல்களும் பாதிக்கு வெறும் உப்புநீரும் செலுத்தி ஒப்பிட்டார்கள். செல்கள் பெற்ற நாண்களின் இழையமைப்பு மேம்பட்டிருந்தது. தன் முடிவைத் தானே சந்தேகித்து மறுபடி சோதிக்கும் இந்தப் பழக்கத்துக்காகவே இவர்களை நம்பத் தோன்றுகிறது.

இன்னொரு பாடமும் கிடைத்தது. செலுத்திய செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே காணாமல் போய்விடுகின்றன. அவை புது நாணாக மாறி ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. அவை வெளியிடும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, உடம்பு தானே செய்யும் பழுதுபார்ப்பைத் திருத்துவதாகவே ஆராய்ச்சியாளர்கள் இப்போது கருதுகிறார்கள். “ஸ்டெம் செல் போட்டால் புதுக் குருத்தெலும்பு முளைக்கும்” என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பூனையின் வாய், நாய்க்குட்டியின் முதுகு

கலிபோர்னியாவின் யு.சி. டேவிஸ் பல்கலைக்கழகத்தில், வாய் முழுக்கப் புண்ணாகிப் பல்லைப் பிடுங்கியும் குணமாகாத பூனைகளுக்கு அவற்றின் கொழுப்பிலிருந்தே எடுத்த ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில் 7 பூனைகளில் 5 தேறின. எதிர்ப்பாற்றல் குழம்பி மனிதர்களுக்கு வரும் வாய்ப்புண்களுக்கும் இது வழிகாட்டக்கூடும்.

அதே பல்கலைக்கழகத்தில் டயானா ஃபார்மர் என்ற அறுவை மருத்துவர், முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா குறைக்கு நஞ்சுக்கொடி ஸ்டெம் செல்களை முயன்றார். முதலில் ஆட்டுக்குட்டிகள். பிறகு, இயற்கையாகவே இந்தக் குறையோடு பிறந்த இரண்டு புல்டாக் குட்டிகள். பின்னங்கால் சரியாக வராத அந்தக் குட்டிகள், 2017-இல் நடந்த அறுவைக்குப் பிறகு நடந்து விளையாடின. இரண்டு குட்டிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் அங்கே நிற்காமல், முறைப்படி அனுமதி பெற்று, 2021-இல் கருவிலிருக்கும் குழந்தைகளுக்கான மருத்துவப் பரிசோதனையைத் தொடங்கினார்கள்.

நாய்கள் கொடுத்த மஜ்ஜை மாற்று

இன்று உலகம் முழுதும் நிலைபெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எலும்பு மஜ்ஜை மாற்றுதான். அதற்கும் நாய்களிடம்தான் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957-இல் வெளியிட்ட முதல் முயற்சியில் நோயாளிகள் யாரும் நெடுநாள் பிழைக்கவில்லை. அவர் மனிதர்களிடம் முயல்வதைக் குறைத்துக்கொண்டு நாய்களிடம் திரும்பினார். திசு ஒத்துப்போகும் உடன்பிறந்த குட்டியின் மஜ்ஜை நிலைக்கும் என்பதை அவர் குழு பல ஆண்டு உழைத்துக் கண்டது. அதன் பிறகே மனிதர்களிடம் வெற்றி வந்தது. 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா நோயாளிகள் பலர் இன்று உயிரோடு இருப்பது அந்தக் காத்திருப்பால்தான்.

பணம் கட்டும் முன்

முழங்கால் தேய்மானம், ஆட்டிசம், சர்க்கரை நோய் என எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று சில மருத்துவமனைகள் விளம்பரம் செய்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றவை அப்போது ஆராய்ச்சி நிலையில்தான் இருந்தன. அனுமதி பெற்ற பரிசோதனையில் மட்டுமே அவற்றைத் தரலாம் என்று அந்த நெறிகள் கூறின. பரிசோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது.

ஆகவே லட்சக்கணக்கில் கேட்கும் இடத்தில், இது நிலைபெற்ற சிகிச்சையா, பரிசோதனையா என்று நேரே கேளுங்கள். பரிசோதனை என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். எண் தரத் தயங்கினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.