முட்டைக்கோசும் தைராய்டு மாத்திரையும்

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, உணவிலுள்ள அயோடினைக் கொண்டே தன் ஹார்மோனைத் தயாரிக்கிறது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும். ஹார்மோன் குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுதல், குளிர் தாங்காமை, மாதவிலக்குக் கோளாறு எனத் தொல்லைகள் மெல்லத் தலைகாட்டும்.

அயோடின் குறைவால் வரும் கழலை நோயைத் தடுக்க, 1962இல் இந்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அயோடின் உப்பு பரவிவிட்ட இடங்களில், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்தான் ஹார்மோன் குறைவுக்கு முக்கியக் காரணம். இதைப் பத்தியத்தால் குணப்படுத்த முடியாது.

ஆனாலும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகும் தைராய்டு நோயாளிகள் பலர் முட்டைக்கோசையும் காலிஃபிளவரையும் தொடத் தயங்குகிறார்கள். இது தேவையற்ற பயம். அவற்றில் அயோடின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. வேகவைத்தால் பெருமளவு குறைந்துவிடும். பொரியலாகவோ கூட்டாகவோ அளவோடு சாப்பிடலாம். இதே தன்மையுள்ள மரவள்ளியும் கம்பும் அயோடின் பற்றாக்குறை உள்ளவர்களுக்கே கவலை தருபவை.

உண்மையில் கவனிக்க வேண்டியது காலைக் காபி. ஹார்மோன் குறைவுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ இட்லியோ எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி அவசியம். கடல்பாசி மாத்திரைகளால் அயோடின் மிகுந்தாலும் சுரப்பு குறையக்கூடும்.