தாமல் ஏரியும் தரணியின் பசியும்

காஞ்சிக்கு வந்த மணிமேகலை அங்கே பஞ்சத்தைக் கண்டாள் என்கிறது காப்பியம். காஞ்சி இருந்தது, கஞ்சி இல்லை! அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்தி ஊர்ப்பசியைத் தீர்த்தாளாம். கேட்க இனிக்கும் கதை. ஆனால், தோழர்களே, அதே காஞ்சிக்கு மேற்கே, பெங்களூர்ச் சாலையோரத்திலே, கதையில் வராத அமுதசுரபி ஒன்று கிடக்கிறது. தாமல் ஏரி! இந்தப் பாத்திரம் மந்திரத்தால் நிரம்பாது. வண்டல் அள்ள வேண்டும், வரத்துக்கால் வெட்ட வேண்டும், கரையைக் கட்ட வேண்டும், மதகைக் காக்க வேண்டும். ஒருவன் செய்து முடிக்கிற வேலையா இது?

2024-ஆம் ஆண்டில் உலகிலே ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசித்திருந்தனர் என்று ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் கணக்குத் தந்தன. அவர்களிலே பெரும்பாலோர் நகரத்து நடைபாதைவாசிகள் அல்லர், நாட்டுப்புறத்து மக்கள். விதைத்தவனே பட்டினி! உலக உணவிலே மூன்றில் ஒரு பங்கை விளைவிப்பவர்களோ, 5 ஏக்கருக்கு மேல் நிலமில்லாத சிறு உழவர்கள். பசிப்பிணியை ஒழிக்க ரோம் நகரத்து மாளிகையிலே மாநாடு கூடட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அந்தப் போரின் முதல் களம் ஏரிக்கரை.

கூடி உழைப்பது நமக்குப் புதிதல்ல. காஞ்சிக்கு அருகே கூரத்திலே, 7-ஆம் நூற்றாண்டிலே பல்லவன் பரமேசுவரவர்மன் பெயரால் ஏரி வெட்டி, பாலாற்றிலிருந்து கால் கொண்டுவந்ததைச் செப்பேடு சொல்கிறது. உத்திரமேரூரிலே ஏரியைக் கவனிக்கவென்றே ஏரி வாரியம் இருந்தது. குடவோலையால் ஆளைத் தேர்ந்தார்கள். கணக்குக் காட்டாதவனை மறுமுறை அண்டவிடவில்லை. பாராட்டுவோம். ஆனால் 919, 921-ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளை முழுவதும் படியுங்கள்! வாரியத்தில் அமர, இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதக் கல்வியும் வேண்டும். மண் சுமந்தவன்? கூடையெடுத்தவள்? அவர்கள் பெயருக்கு ஓலை இல்லை!

பிறகு வந்த வெள்ளையர் ஆட்சி, 1858-இல் ஊராரின் மராமத்து வேலைக்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. சட்டம் இருந்தும் சோறு வந்ததா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்திலே இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அதே நாட்களில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

நம் காலத்திலே ஒற்றுமையைக் குலைத்தது எது? பம்புசெட்டு! அதன்மேல் எனக்குப் பகையில்லை. வறண்ட நிலத்தை வாழவைத்தது அதுதான். ஆனால் கிணறும் மோட்டாரும் உள்ளவன், "எனக்கென்ன ஏரி?" என்று கால் வெட்ட வராமல் நின்றுவிட்டான். ஏரியில் நிற்கும் நீர்தானே ஊறி இறங்கி அவன் கிணற்றுக்கும் போகிறது! ஏரி தூர்ந்தால் கிணறும் தாழும். முதலில் காய்வது கடைமடைக்காரனின் நவரைப் பயிர். அடுத்து, சற்றுத் தாமதமாக, கிணற்றுக்காரனின் பயிர்.

2017-இல் குடிமராமத்து மீண்டும் வந்தது. நம் பக்கத்து மணிமங்கலத்திலேதான் தொடக்கம். 100 கோடி ரூபாயிலே 1519 பணிகள் என்றார்கள். பத்தில் ஒரு பங்கை உழவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். உழவன் வியர்வை விழுந்த கரையை உழவன் காப்பான். ஆனால் சங்கத்தின் கையெழுத்து ஒருவனுடையது, மண் வெட்டும் எந்திரம் வேறொருவனுடையது என்றாகிவிட்டால், அதற்குக் குடிமராமத்து என்ற பெயர் எதற்கு?

இன்னொன்றும் கேட்கிறேன். பாசன சங்கங்களுக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் நிலத்துக்காரனைத்தான் உறுப்பினன் என்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் ஓலை நிலத்துக்குத்தானா? இரவெல்லாம் மடை திறந்து, வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குக் களத்திலே நெல் அளந்தால் போதுமா? நாற்று நடுகிற பெண்ணுக்கு, எப்போது தண்ணீர் விடுவது என்று சொல்லும் உரிமை வேண்டாமா? சட்டம் திருந்தும்வரை காத்திருப்பானேன்? தாமலானாலும் தென்னேரியானாலும், அடுத்த சங்கக் கூட்டத்திலே முதல் வரிசையைக் கடைமடைக்காரனுக்கும் நீர்க்கட்டிக்கும் நடவுப் பெண்ணுக்கும் ஒதுக்குங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு, வரத்துக்காலை எந்த நாளில் வெட்டுவது என்ற பேச்சைத் தொடங்குங்கள்.