மலேரியா திரும்பாதிருக்க

1934-35 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகின. அங்கு பெருகிய நுளம்புகள் பரப்பிய மலேரியாவால் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940களின் நடுப்பகுதியிலிருந்து அரசாங்கம் வீடு வீடாக டீ.டீ.ரீ. தெளித்தது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே காணப்பட்டனர்.

நோய் ஒழிந்ததென எண்ணித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. விளைவு? 1968-69 இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான காய்ச்சல்கள் பதிவாகின.

பின்னர் மலேரியாத் தடை இயக்கம் காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்தது. இலவச மருந்தும், மருந்தூட்டிய நுளம்பு வலையும் கொடுத்தது. யுத்தகாலத்திலும் வடக்கு கிழக்கில் இவ்வேலை நின்றுவிடவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

ஆயினும் நுளம்பு ஒழியவில்லை. வெளிநாட்டில் நோய் தொற்றி வந்த ஒருவரை அது கடித்தாலே போதும், நோய் மீண்டும் பரவலாம். ஆகவே நாம் செய்யவேண்டியவை:

இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், பனடோலோடு நின்றுவிடாமல் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தம் சோதிப்போம். போய்வந்த நாட்டை வைத்தியரிடம் மறவாது கூறுவோம்.

மீளக் குடியேறும்போது, பாழடைந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவோம். பாவிக்காத கிணற்றை வலையால் மூடுவோம்.

1963 இன் பின் நடந்ததை நாம் மறக்கலாகாது.