அனைத்துத்தரை டயர்

அனைத்துத்தரை டயர் அல்லது ஆல் டெரெய்ன் டயர் என்பது தார்ச்சாலையிலும், மண், சரளை, மணல் போன்ற சாலையற்ற தரையிலும் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட டயர் வகையாகும். சுருக்கமாக இது ஏ.டி. டயர் எனப்படும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட தானுந்துகளில் இது பெரிதும் பயன்படுகின்றது. இவ்வகையில் முதல் ரேடியல் டயரை அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1976 இல் வெளியிட்டது. இந்தியாவில் 2020 இல் வெளியான மகிந்திரா தார் போன்ற வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே ஏ.டி. டயருடன் வந்ததால், இவை நகரச் சாலைகளிலும் பரவலாயின.

== வகைகள் ==
இத்தகைய வண்டிகளுக்கான டயர்கள் பொதுவாக மூன்று வகைப்படும்.
* நெடுஞ்சாலை டயர் (எச்.டி.): நெருக்கமான கட்டைகளும் ஆழம் குறைந்த பள்ளங்களும் கொண்டது. புதிய டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 7 முதல் 8 மில்லிமீட்டர். ஓசை குறைவு, எரிபொருள் சிக்கனம் மிகுதி.
* அனைத்துத்தரை டயர் (ஏ.டி.): கட்டைகள் பெரியவை, இடைவெளி கூடுதல், ஆழம் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர்.
* சேற்று டயர் (எம்.டி.): மிகப் பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளியும் கொண்டது. சேற்றில் சிறந்தது, தார்ச்சாலையில் இரைச்சல் மிகுந்தது.

== செயற்படும் விதம் ==
டயரின் மேற்பரப்பிலுள்ள இரப்பர்க் கட்டைகள் தரையைப் பற்றுகின்றன. கட்டைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம் மண்ணையும் நீரையும் வெளியேற்றுகின்றது. வெற்றிடம் கூடும்போது தளர்ந்த தரையில் பிடிப்பு கூடும். ஆனால் தார்ச்சாலையைத் தொடும் இரப்பரின் பரப்பு குறையும். கட்டைகளில் வெட்டப்பட்ட மெல்லிய கீறல்கள் ஈரமான சாலையில் பிடிப்பு தருகின்றன. கற்களால் கிழியாதிருக்கப் பல ஏ.டி. டயர்களில் கடினமான இரப்பர்க் கலவை பயன்படுத்தப்படுகின்றது. ஆகவே தேங்கிய நீரை ஆழமான பள்ளங்கள் நன்கு வெளியேற்றினாலும், நனைந்த வழவழப்பான சாலையில் வண்டி நிற்பதற்கு நல்ல நெடுஞ்சாலை டயரைவிடக் கூடுதல் தூரம் தேவைப்படலாம். நாள்தோறும் நகரில் ஓடும் வண்டிக்கு டயர் தேர்வதில் முதன்மையாகக் கருத வேண்டியது இதுவே.

== அளவும் குறியீடுகளும் ==
255/65 ஆர்18 111டி என்ற குறியீட்டில் 255 என்பது மில்லிமீட்டரில் அகலம்; 65 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு; ஆர் என்பது ரேடியல்; 18 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். 111 என்ற சுமைக் குறியெண் ஒரு டயர் 1,090 கிலோகிராம் தாங்கும் என்பதையும், டி என்பது உயர் வேக வரம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் என்பதையும் குறிக்கும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண் உற்பத்திக் காலத்தைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 3523 என்பது 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம்.

எல்.டி. என்ற முன்னொட்டு உடையவை இலகு சரக்குந்துகளுக்கானவை. இவற்றின் பக்கச்சுவர் தடித்தது. அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. சரளைப் பாதையில் அடிக்கடி செல்லாதவருக்கு இவை தேவையற்ற எடையும் குலுக்கலும் தரும். மலையும் பனித்துகளும் கொண்ட குறி பனிப்பொழிவுக்கான சோதனையைக் குறிப்பது. சென்னையில் அதனால் பயனில்லை.

== சென்னைச் சூழலில் தேர்வு ==
ஆதம்பாக்கம், பரங்கிமலைக்கும் வேளச்சேரிக்கும் இடைப்பட்ட தென்சென்னைப் பகுதியாகும். இங்கிருந்து பணிக்குச் செல்லும் ஒருவரின் வண்டி பெரும்பாலும் தார்ச்சாலையிலும், சிமெண்ட் தெருக்களிலும், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளங்களிலும் ஓடுகின்றது. வார இறுதியில் சவ்வாது மலை போன்ற இடங்களுக்குச் சென்றாலும், பயணத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலையே. இத்தகைய பயன்பாட்டுக்கு நெருக்கமான நடுக்கட்டைகளும் நிறையக் கீறல்களும் கொண்ட மென்மையான ஏ.டி. டயர் பொருந்தும். சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு நெடுஞ்சாலை டயரே போதுமானது. ஏரிப்படுகைகளின் களிமண்ணில் ஏ.டி. டயரின் இடைவெளிகள் விரைவில் அடைபட்டுவிடும் என்பதும் கருதத்தக்கது.

=== வெள்ளநீர் ===
ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பகுதியில் நீர் தேங்குவதுண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்சாங் புயலின்போதும் தென்சென்னை பெரிதும் பாதிக்கப்பட்டது. ஏ.டி. டயர் இருந்தால் வெள்ளத்தைக் கடக்கலாம் என்ற கருத்து தவறானது. நீரைக் கடக்கும் திறனைத் தீர்மானிப்பது காற்று உள்ளிழுக்கும் குழாயின் உயரமும் மின்னிணைப்புகளின் காப்புமே. 2020 தாருக்கு நிறுவனம் அறிவித்த வரம்பு 650 மில்லிமீட்டர்; டயரை மாற்றுவதால் இவ்வரம்பு உயர்வதில்லை. ஓடும் நீர் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்திலேயே பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லக்கூடும். நீருக்கடியில் திறந்து கிடக்கும் வடிகால் குழியிலிருந்து எந்த டயரும் காப்பதில்லை.

== பெரிய அளவுக்கு மாற்றுதல் ==
245/75 ஆர்16 டயரின் விட்டம் 773.9 மில்லிமீட்டர்; 265/75 ஆர்16 இன் விட்டம் 803.9 மில்லிமீட்டர். இம்மாற்றத்தால் வண்டியின் தரை இடைவெளி 15 மில்லிமீட்டர் மட்டுமே கூடும். ஆனால் வேகமானி 80 காட்டும்போது முன்பிருந்ததைவிட வண்டி ஏறத்தாழ 4 விழுக்காடு விரைவாக, அதாவது 83 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். முடுக்கமும் எரிபொருள் சிக்கனமும் குறையும். திருப்பங்களில் டயர் உட்புறம் உரசக்கூடும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புகளிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகின்றது. எனவே வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட அளவிலேயே ஏ.டி. டயரைத் தேர்வது பாதுகாப்பானது. சுமைக் குறியெண் பழைய டயரினதைவிடக் குறையக்கூடாது.

== பராமரிப்பு ==
* காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளத்தல் வேண்டும். மணலில் செல்ல அழுத்தத்தைக் குறைத்தால், சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்ப வேண்டும்; குறைந்த அழுத்தத்தில் விரைந்தால் டயர் சூடேறி வெடிக்கலாம்.
* ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றினால் தேய்மானம் சீராகும்.
* மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன்படி தானுந்து டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது நன்று.
* கட்டைகளில் சிக்கிய கற்களை அகற்ற வேண்டும்.
* மாற்றுச் சக்கரமும் அதே அளவில் இருத்தல் வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தின்போது வெவ்வேறு விட்டமுள்ள டயர்கள் பல்லிணைப் பெட்டியைப் பழுதாக்கும்.

== இவற்றையும் பார்க்க ==
* நான்கு சக்கர இயக்கம்
* இரப்பர்
* பள்ளிக்கரணை சதுப்புநிலம்